பேட்டரி கீது, கரண்ட் இல்ல: ஒரு கால் டாக்ஸியின் எர்த் கேபிள்

வண்டியும் புகாரும்

வண்டி 2014ஆம் ஆண்டு மாடல் டீசல் செடான். இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளைக் காட்பாடி ஜங்ஷனிலிருந்து லாட்ஜுக்கு ஏற்றி வருவதும், சிகிச்சை முடிந்தவர்களைப் பெங்களூரு, சென்னை விமான நிலையங்களில் கொண்டு விடுவதும்தான் அதன் பிழைப்பு. ஓட்டுபவரே சொந்தக்காரர். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களோடு பேசிப் பேசியே இந்தியும் கொஞ்சம் வங்காளமும் கற்றுக்கொண்டவர். கத்திரி வெயில் நடக்கிற மே மாதத்தில், மதியத்துக்கு மேல், சத்துவாச்சாரியில் இருக்கிற என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். நான் பார்ப்பது வயரிங் வேலை மட்டும். எஞ்சின் பக்கம் கை வைப்பதில்லை.

புகார் ஒன்று என்றால் பரவாயில்லை. காலையில் வீட்டு வாசலில் முதல் செல்ஃபிலேயே எடுத்துவிடும். வெயிலில் ஓடிவிட்டு டீக்கடையில் நிறுத்தினால் போச்சு. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், அதோடு சரி. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். லாட்ஜ் சந்துகளில் வளைத்துத் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகிப்போய், பவர் ஸ்டீயரிங் விளக்கு எரியும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு வரும், போகும். ஓடுகிற வண்டியில் சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டிக்கொள்ளும், தானாகவே திறக்கும். இரவில் ஏ.சி. கம்ப்ரசர் சேரும்போதெல்லாம் ஹெட்லைட் ஒருமுறை சிமிட்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பயமுறுத்தியது வேறொன்று. ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து பெங்களூரு போகும்போது, பள்ளிகொண்டா டோலைத் தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் வண்டி குதித்தது. குதித்த நொடியில் எஞ்சின் நின்றது. உருண்டுகொண்டிருந்த வேகத்திலேயே சாவியை அணைத்துப் போட்டு, கியரில் கிளட்சை விட்டு எடுத்துவிட்டார். ஆனால் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது.

"நம்ம ஊரைப் பத்திச் சொல்வாங்களே அண்ணே, ஆறு கீது தண்ணி இல்ல, கோட்டை கீது ராஜா இல்லன்னு. என் வண்டியும் அப்படித்தான். பேட்டரி கீது, கரண்ட் இல்ல" என்றார்.

சிரிப்பாகச் சொன்னாலும், கோளாறு என்ன என்பதை அவரே சரியாகச் சொல்லிவிட்டார். அது எங்கே என்பது மட்டும்தான் பாக்கி.

என்னிடம் வருவதற்கு முன்

முதலில் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். மூன்று வருடம் ஓடிய பேட்டரி, மாற்றியதில் தப்பில்லை. செலவு 6,500 ரூபாய். பழைய பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததாம். கடைக்காரர் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பேட்டரியை மாட்டி, மேலே வாசலின் தடவிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. இந்த வெந்நீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்து, சூடானால் எடுக்கவில்லை என்ற புகாருக்காக, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு எல்லாம் மாற்றினார்கள். 3,800 ரூபாய். சூட்டில் செல்ஃப் மோட்டார் இறுகுவது நிஜமாகவே நடக்கிற விஷயம்தான், அதனால் அந்த மெக்கானிக்கின் கணக்கையும் தப்பென்று சொல்ல முடியாது. ஹெட்லைட் சிமிட்டுகிறது என்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் வோல்டேஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டரை மாற்றினார்கள். 2,700 ரூபாய். கடைசியில் ஓரிடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது ஏழெட்டு கோடுகள், அதாவது கோளாறு எண்கள், வந்து விழுந்தன. எஞ்சின் கம்ப்யூட்டர் போய்விட்டது, சென்னை புதுப்பேட்டையில் பழையது ஒன்று தேடி வாங்கலாம், 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டுத்தான் என்னிடம் வந்தார்.

மேலே உள்ள வரிசையில் யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு புகாரைக் கேட்டு, அந்தப் புகாருக்குப் பேர்போன பொருளை மாற்றினார்கள். ஆனால் எல்லாப் புகாரையும் சேர்த்து வைத்து, 'இத்தனைக்கும் பொதுவாக இருப்பது எது' என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டீயரிங், ஏ.பி.எஸ்., லாக், ஹெட்லைட், செல்ஃப் எல்லாவற்றுக்கும் தனித்தனி பியூஸ், தனித்தனி ரிலே, தனித்தனி ஒயர். அவை எல்லாம் சேருகிற இடங்கள் மிகச் சில: பேட்டரி, ஆல்டர்னேட்டர், இவற்றிலிருந்து வருகிற இரண்டு தடித்த கேபிள்கள், பாடி எர்த் (கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற பாதை).

ஸ்கேனரில் வந்த கோடுகளும் இதைத்தான் சொல்லின. போட்டோ எடுத்து வைத்திருந்தார். பி 0562, அதாவது சிஸ்டம் வோல்டேஜ் குறைவு. யூ 0121, ஏ.பி.எஸ். பெட்டியோடு, அதாவது அதன் கம்ப்யூட்டரோடு, தொடர்பு அறுந்தது. யூ 0131, பவர் ஸ்டீயரிங் பெட்டியோடு தொடர்பு அறுந்தது. பல பெட்டிகள் ஒரே நேரத்தில் 'மற்றவனைக் காணோம்' என்று எழுதி வைத்தால், அத்தனை பெட்டியும் ஒன்றாகச் செத்துவிட்டன என்று யாராவது நம்புவார்களா? கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். யூ வரிசைக் கோடுகள் கூட்டமாக வந்தால் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு முதலில் பேட்டரிப் பக்கம் வருவது என் வழக்கம்.

நடுவில் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ரெகுலேட்டர் மாற்றிய இடத்தில், எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'எஞ்சின் நிற்கவில்லை, சார்ஜ் ஆகிறது' என்று காட்டியிருக்கிறார்கள். டைனமோ காலத்து அம்பாசடருக்கு அது ஓடியிருக்கலாம். இன்றைய வண்டியில் அதைச் செய்யக்கூடாது. பேட்டரி இருக்கும்வரை வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். ஓடும்போது அதைப் பிரித்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்குக்கூட எகிறும், நல்ல கம்ப்யூட்டரும் அதில் போகும். இந்த வண்டி அதில் பிழைத்தது அதிர்ஷ்டம்.

அளந்தது

வண்டி சூடாகத்தான் வந்து நின்றது. ஆறவிடாமல் அப்படியே அளக்க ஆரம்பித்தேன்.

சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.58 வோல்ட். முழு சார்ஜில் இருக்கும் ஈய அமிலப் பேட்டரி 12.6, 12.7 காட்டும், அதனால் இது நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சும்மா நிற்கும் பேட்டரியின் வோல்டேஜை வைத்து கேபிளைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. பள்ளிகொண்டா டோலில் ஒரே ஒரு கவுன்டர் மட்டும் திறந்திருக்கிறது என்று வையுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் குறையே தெரியாது, பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் போனால்தான் தெரியும். கேபிளையும் கூட்டம் வரும்போதுதான் சோதிக்க வேண்டும், அதாவது செல்ஃப் அடிக்கும்போது.

எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடி, நடுவில் நல்ல இடைவெளி. எஞ்சின் முனகிக்கொண்டு மெல்லச் சுற்றியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்திருந்தேன், அவற்றின்மேல் மாட்டியிருக்கும் கேபிள் டெர்மினல் மேல் அல்ல. 11.4 வோல்ட் காட்டியது.

பக்கத்தில் நின்ற டிரைவர், "பேட்டரி சூப்பரா கீதே அண்ணே" என்றார். எனக்கு அந்த 11.4தான் உறுத்தியது. டீசல் எஞ்சினைச் சுற்றும் செல்ஃப் மோட்டார் பேட்டரியைப் பிழிந்து எடுக்கும். நல்ல பேட்டரிகூட அந்த நேரத்தில் பத்தரை, பதினொன்றுக்குப் பக்கத்தில் இறங்கத்தான் வேண்டும். எஞ்சின் மெல்லச் சுற்றுகிறது, பேட்டரியோ சோர்ந்து இறங்கவில்லை என்றால், மோட்டார் கேட்கிற கரண்ட் அதைப் போய்ச் சேரவில்லை. பேட்டரி பலவீனமாக இருந்தால் வோல்டேஜ் ஒன்பதுக்கும் எட்டுக்கும் சரியும். இங்கே நேர் எதிர்.

அடுத்து செல்ஃப் மோட்டாரின் முனையிலும் அதன் உடம்பிலும் வைத்து அளந்தால் 8.1 வோல்ட். பேட்டரியிலிருந்து 11.4 கிளம்புகிறது, மோட்டாருக்கு 8.1தான் வருகிறது. நடுவில் 3.3 வோல்ட் காணாமல் போகிறது. போகிற வழியிலா, திரும்புகிற வழியிலா?

பெரும்பாலும் பாசிட்டிவ் பக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் பெரிய நட்டிலும் வைத்து செல்ஃப் அடித்தால் 0.35 வோல்ட். ஒரு கேபிளில் 0.2க்குள் இருந்தால் நல்லது, எனவே இது கொஞ்சம் அதிகம், ஆனாலும் குற்றவாளி இல்லை. பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு வைத்தபோது 2.9. எர்த் பக்கம் இருக்கவேண்டியதைவிடப் பத்து மடங்குக்கு மேல்.

இதை ஓம்ஸ் மீட்டரில் பிடித்திருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது, அதில்தான் பலபேர் ஏமாறுகிறார்கள். கிளாம்ப் மீட்டரில் அப்போது ஓடியது 160 ஆம்பியர். எர்த் பக்கம் பெரும்பகுதி விழுந்த ஓரிடத்தில் மட்டும், பிறகு அளந்தபடி, 2.4 வோல்ட். வகுத்துப் பார்த்தால் அந்த இடத்தின் மின்தடை 0.015 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். அந்தக் கேபிளைக் கழற்றி வைத்து கன்டினியூட்டி பார்த்தால் மீட்டர் 'பீப்' என்று கத்தும், கேபிள் நல்ல கேபிள் என்று சான்றிதழ் கொடுக்கும். இருநூறு இழையில் இருபது உயிரோடு இருந்தாலும் அந்தச் சத்தம் வரும்.

ஆனால் 2.4 வோல்ட்டையும் 160 ஆம்பியரையும் பெருக்கினால் 384 வாட். விரல் தடிமன் இடத்தில் ஒரு சின்ன இஸ்திரிப்பெட்டி அளவுக்கு வெப்பம். அதனால் மீட்டர் இல்லாமலேயும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை அணைத்து, கேபிளின் இரண்டு நுனிகளையும் பார்த்துப் பதமாகத் தொட வேண்டும். கெட்ட இடம் சுடும். இந்த வண்டியில் நெகட்டிவ் டெர்மினலில் கேபிள் நுழைகிற கழுத்து சுட்டது.

எதையும் அறுப்பதற்கு முன் இன்னொரு சோதனை. ஜம்பர் கேபிளின் கறுப்பு ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சினைத் தூக்க மாட்டும் இரும்புக் கொக்கியிலும் பிடித்தேன். அவ்வளவுதான். புதுக் கேபிள் கிடையாது, வேறு பேட்டரி கிடையாது. இன்ஜெக்டர் கனெக்டர்களை மாட்டிவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். கொதிக்கக் கொதிக்க நின்ற எஞ்சின் அரைச் சுற்றில் பிடித்தது. டிரைவர் இறங்கி வந்து அந்தக் கறுப்பு ஒயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுரோட்டில் நின்றுபோனால் இதை யாரும் செய்து பார்க்கலாம். பானெட்டுக்குள் பேட்டரி இருக்கும் வண்டி, கையில் ஒரு ஜம்பர் கேபிள், இது போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: முனையைத் தப்பாகப் பிடித்து பாசிட்டிவிலிருந்து எஞ்சினுக்குக் கொடுத்தால் தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனும் அங்கேதான் இருக்கும்.

பிறகு எர்த் பக்கத்தைத் துண்டு துண்டாக அளந்தேன். ஈய முனையிலிருந்து டெர்மினலுக்கு 0.06 வோல்ட், கடைக்காரர் தேய்த்த இடம், சுத்தமாக இருக்கிறது. டெர்மினலிலிருந்து கேபிளுக்குள், சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி உறையைக் குத்தி ஊசி நுழைத்து அளந்தபோது 2.4. ஊசி குத்திய இடத்திலிருந்து பாடி போல்ட்டுக்கு 0.1. பாடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை 0.25. கியர்பாக்ஸிலிருந்து எஞ்சினுக்கு 0.1. கூட்டினால் கணக்கு நேராகிறது. நல்ல கேபிளின் உறையில் இப்படி ஊசி குத்துவது பாவம், அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கும். இந்தக் கேபிள் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது என்பதால் குத்தினேன்.

அறுத்துப் பார்த்தபோது

வெளியே பார்க்க அந்தக் கேபிளில் ஒரு குறையும் இல்லை. வாசலின் தடவிய டெர்மினல் பளபளவென்று இருந்தது, கறுப்பு உறையில் வெடிப்பில்லை. டெர்மினலுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினால் மட்டும் உறை லேசாக உப்பியிருப்பதும், உள்ளே நறநறவென்று நசுங்குவதும் தெரிந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறினேன். நீலப்பச்சைப் பொடி கொட்டியது. கழுத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை இழைகள் கறுத்திருந்தன. கிரிம்பை (டெர்மினல் கேபிளை நசுக்கிப் பிடித்திருக்கும் இடம்) ஒட்டிய இழைகளில் முக்கால்வாசி விரல் பட்டதும் உதிர்ந்தன. அதற்கு அப்பால் செம்பு புதுசு மாதிரி.

அந்த நீலப்பச்சை காப்பர் சல்பேட், தென்னை மரத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் மருந்தில் கலக்கிற அதே மயில்துத்தம். பேட்டரிக்குள் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது வருகிற வாயுவோடு அமிலத் துளிகளும் மூடி வழியாக வெளியே வரும், முனையைச் சுற்றி இருக்கும் சீல் தேய்ந்தால் அங்கேயும் கசியும். நீர்த்த கந்தக அமிலம் செம்பைத் தனியாக அவ்வளவாகத் தின்னாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தின்னும்: செம்பின் மேல் ஆக்சைடு கட்டும், அதை அமிலம் கரைக்கும், கீழே புதுச் செம்பு தெரியும், அதுவும் ஆக்சைடு ஆகும். முனையில் தெரிகிற வெள்ளை லெட் சல்பேட், அது ஈயம் கரைந்ததன் அடையாளம். வெள்ளையைச் சுரண்டிவிட்டால் போதும். பச்சை தெரிந்தால் கேபிளின் செம்பே கரைகிறது என்று பொருள், அங்கே டெர்மினலைத் தேய்ப்பதோடு வேலை முடியாது.

இப்போது அந்த வெந்நீர். வெந்நீர் காப்பர் சல்பேட்டையும் அமிலத்தையும் நன்றாகக் கரைக்கும், மிச்சத்தை உப்புத்தாள் எடுத்துவிடும், அதனால் டெர்மினல் சுத்தமாகிவிடும். கரைந்த அமிலத் தண்ணீர் எங்கே போகும்? கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள், அவற்றுக்கு நடுவே மயிரிழை அளவு சந்துகள். திரி எண்ணெய்யை உறிஞ்சும் அதே வேலையால் அமிலம் உறைக்குள் ஏறிவிடும். உள்ளே போனது காயாது, வெளியே வாசலின் வேறு போட்டு மூடியாகிவிட்டது. கழுவுவதற்கு முன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை விட்டிருந்தால் அமிலம் செத்திருக்கும். அதையும் கேபிள் நுழையும் பக்கம் மேலே தூக்கியிருக்கும்படி பிடித்துச் செய்ய வேண்டும், பேட்டரி மூடிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

ஊற்றிய தண்ணீர் போர் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். நம் பக்கத்தில் அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட கதை 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பாகவே வந்தது. ஆற்றங்கரையைத் தாண்டியும் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். உப்பில் இருக்கும் குளோரைடு செம்புக்கும் எதிரி, பேட்டரித் தகட்டுக்கும் எதிரி. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயில் காலத்தில் சட்டென்று தண்ணீர் குறைந்தால் கைக்குக் கிடைத்ததை ஊற்றுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். குறியைத் தாண்டி நிரம்ப ஊற்றுவது இன்னொரு பழக்கம். சார்ஜ் ஏறியதும் அது பொங்கி, நேராக டெர்மினல் மேல்தான் வழியும்.

சூடானால் மட்டும் ஏன்

பல மெக்கானிக்குகளைத் திசைதிருப்பியது இந்தக் கேள்விதான். காலையில் எடுக்கிறது, சூட்டில் எடுக்கவில்லை, அரை மணி நேரத்தில் திரும்ப எடுக்கிறது. செல்ஃப் மோட்டார் என்று நினைப்பது இயல்பு.

அந்த டெர்மினல் ஈயக் கலவையில் வார்த்தது, கேபிள் செம்பு. ஒரே அளவு சூடேறினால் ஈயம் செம்பைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு விரியும். நல்ல கிரிம்பில் இது ஒரு பொருட்டே அல்ல. இழைகள் பாதிக்கு மேல் பொடியாகி, மிச்சம் இருப்பவை மட்டும் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, சூட்டில் ஈயம் விரிந்து பிடி தளரும். ஆறினால் சுருங்கித் திரும்பப் பிடிக்கும். செம்பின் தடையே 40 டிகிரி ஏறினால் சுமார் 16 சதவீதம் கூடும் என்பதும் சேர்ந்துகொள்ளும். மே மாதத்து வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டினால் பானெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்றப் புகார்கள் இதற்குள்ளேயே அடங்கின. எஞ்சின் ஓடும்போது கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அது எஞ்சினிலேயே எர்த் ஆகிறது, அதனால் கெட்ட கழுத்து நேராகக் குறுக்கே வருவதில்லை. ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும்போது, ஆல்டர்னேட்டரால் முழுக் கரண்ட் கொடுக்க முடியாது. ஏ.சி., விசிறி, ஹெட்லைட்டோடு ஸ்டீயரிங்கையும் வளைத்தால் குறைகிற ஆம்பியரைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். அந்தப் பேட்டரி கெட்ட கழுத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வோல்டேஜ் சரியும், ஸ்டீயரிங் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகிவிடும். பாலத்து இணைப்பில் குதித்தபோது கழுத்து ஒரு கணம் முழுவதுமாக விட்டிருக்கிறது. பேட்டரி இல்லாமல் ஆல்டர்னேட்டர் மட்டும் ஓடிய அந்த ஆட்டத்தில் எஞ்சின் கம்ப்யூட்டரின் மெயின் ரிலே விழுந்துவிட்டது.

சார்ஜும் பாதிதான் ஏறியிருக்கிறது. லோடு போட்டு அளந்தபோது ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரி முனைகளில் 13.6. இப்படியே இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகி, புதுப் பேட்டரியும் போயிருக்கும். அப்போது பேட்டரிக் கம்பெனியைத் திட்டியிருப்பார்கள்.

மாற்றியது

கம்பெனி கேபிள் கைவசம் கிடைக்கவில்லை. 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் எடுத்தேன். பலபேர் அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதைத் தொடவே வேண்டாம். வெல்டிங் கேபிளின் ரப்பர் உறை எஞ்சின் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நீண்டநாள் தாங்காது, அதனால் மேலே கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டேன். கேபிள் நுனியில் மாட்டும் டின் பூசிய செம்பு லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு உறைக்கும் லக்குக்கும் நடுவில் மூடினேன். அமிலம் ஏறும் வழி அதுதான், அது அடைபட வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்குவதும், பழைய கறுத்த கேபிளையே பத்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு நட்டு போடும் பித்தளை டெர்மினல் மாட்டுவதும் நம் ஊரில் சாதாரணம். கறுப்பு இருக்கும்வரை வெட்டி, பளபளக்கும் செம்பு வந்த பிறகு மாட்டினால்கூடப் பரவாயில்லை. யாரும் அவ்வளவு தூரம் வெட்டுவதில்லை, கேபிள் நீளம் போதாது.

பாடி போல்ட்டுக்குக் கீழே பெயின்ட்டும் துருவும் இருந்தது. உலோகம் தெரியும்வரை சுரண்டி, மாட்டி இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். கிரீஸும் வாசலினும் எப்போதும் இறுக்கிய பிறகுதான், வெளியே மட்டும்தான். செல்ஃப் மோட்டாரின் பாசிட்டிவ் லக்கையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

திரும்ப அளந்தபோது டிரைவர் திடுக்கிட்டார். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10.6. "முன்னாடி பதினொன்னரை கிட்ட காட்டுச்சே அண்ணே, இப்ப இன்னா கொறஞ்சிபோச்சி?" குறையத்தான் வேண்டும் தம்பி என்றேன். 160 ஆம்பியருக்குப் பதிலாக 280 ஓடுகிறது, அத்தனையும் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் முனையில் 10.15. எர்த் பக்கம் மொத்தம் 0.15 வோல்ட், பாசிட்டிவ் பக்கம் 0.3. பாசிட்டிவ் கேபிளையும் மாற்றியிருக்கலாம். அவர் அன்று அதுவரைக்கும் செலவு செய்யத் தயாராக இல்லை, மழைக்காலத்துக்கு முன் பார்ப்போம் என்று விட்டேன். கோடுகளை அழித்தேன். சாமானும் கூலியும் சேர்த்து 1,150 ரூபாய்.

பிறகு

எஞ்சின் கம்ப்யூட்டர் அப்படியேதான் இருக்கிறது. அக்டோபரில் வந்தபோது பாசிட்டிவ் கேபிளை மாற்றிக் கொடுத்து, எர்த் பக்கம் திரும்ப அளந்தேன். 0.16. பேட்டரியைப் பிடித்திருக்கும் கம்பி தளர்ந்திருந்தது, அதையும் இறுக்கினேன். பேட்டரி ஆடினால் அதன் முனையின் சீல்தான் முதலில் விடும்.

நவம்பர் மழையில் ஏ.பி.எஸ். விளக்கு திரும்ப எரிய, கேபிள் போய்விட்டதா என்று பதறிக்கொண்டு வந்தார். ஸ்கேனர் போட்டேன். இந்த முறை மற்றப் பெட்டிகள் எதுவும் முணுமுணுக்கவில்லை. ஏ.பி.எஸ். பெட்டியில் மட்டும் ஒரே ஒரு கோடு, இடது முன்சக்கரத்தின் வேக சென்சாரைச் சொல்லியது. கனெக்டரைக் கழற்றினால் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. ஊதிக் காயவைத்து, ரப்பர் சீலை மாற்றி அனுப்பினேன்.